பிரிவுப் பாட்டில் கோபம் இருக்கலாகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் நடந்த இளைஞர் இசை மாலை ஒன்றைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். தன்னைக் கைவிட்டுப் போன காதலனைத் திட்டி, கிரஞ்ச் ராக் என்னும் வகையில், ஓர் இளம்பெண் தமிழிலேயே பாடினாள் என்றும், தெய்வத் தமிழுக்கு நேர்ந்த அந்த இழிவைத் தாங்காமல் தாம் பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டதாகவும் அக்கடிதத்தை எழுதிய அன்பர் வருந்தியிருந்தார். நானும் அன்று அதே மண்டபத்தில் இருந்தேன்; அவரைப் போலன்றிக் கடைசி வரை இருந்தேன். மேலும், அந்தப் பாட்டின் வரிகளை மேடையேறுவதற்கு முன் பிழை பார்த்துக் கொடுத்தவளும் நான்தான் என்பதால், என்னை நடுநிலையாளர் என்று வாசகர்கள் எண்ண வேண்டியதில்லை. மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியின் கட்சி வாதமாகவே இதைப் படிக்கலாம்.

முதலில் அன்பரோடு ஒத்துப்போகும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலி அளவுக்கு மீறித்தான் இருந்தது. தகரக் கூரை போட்ட மண்டபத்தில், முதியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவர்களுடைய காதுக்கு நேரே ஒலிபெருக்கிகளை நிறுத்தியது ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மண்டபத்தின் குறையையும் பாட்டின் குணத்தையும் அன்பர் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டார். அந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிரஞ்ச் என்பது வெறும் கத்தல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதில் கத்தல் வருவதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் வரும்வரை பாடுபவர் அடக்கியே வாசிக்க வேண்டும். அன்றைய பாட்டையே எடுத்துக்கொள்வோம். சரணம் தொடங்கும்போது கிட்டார் எவ்வித உறுத்தலும் இல்லாமல் தெளிவாக ஒலித்தது. பெண்ணின் குரலும் பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பேசுவதைப் போலத் தாழ்ந்திருந்தது. பல்லவிக்கு வந்தவுடன் கிட்டார்க்காரப் பையன் காலடியில் இருந்த சிறு பெட்டியை மிதித்தான். அந்தப் பெட்டி கம்பியின் ஒலியலைகளை அளவுக்கு மீறிப் பெருக்கி, அவற்றின் முகடுகளை வெட்டிவிடுகிறது. அதனால்தான் இனிய நாதம் போய், கரகரத்த ஓர் உறுமல் வருகிறது. கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்திக் கட்டியிருந்தான் என்பதால் அந்த உறுமல் இன்னும் கீழிறங்கி அடிவயிற்றில் கேட்டது. மீண்டும் சரணத்தில் எல்லாம் அடங்கி, மீண்டும் பல்லவியில் வெடித்தது. அடக்கமும் வெடிப்பும் இப்படி மாறிமாறி வருவதுதான் இந்த இசையின் இலக்கணம். பிரிவின் துயரம் ஒருவரை ஆட்டுவிக்கும் விதமும் இதுதான் என்பதை, அதை ஒருமுறையேனும் பட்டவர்கள் அறிவார்கள்: பகலெல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக இருப்போம்; இரவில் ஏதோ ஒரு பழைய செய்தி கைப்பேசியில் கண்ணில் படும்; அவ்வளவுதான்.

இந்த வகை இசை அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழை ஓயாத சியாட்டில் நகரத்தைச் சுற்றி 1980களின் பிற்பகுதியில் உருவானது. நிர்வாணா என்ற குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு 1991 செப்டம்பரில் வெளியாகி, 1992 சனவரியில் மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பையே பின்னுக்குத் தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மினுமினுக்கும் உடைகளும் மேடை வித்தைகளுமாக இருந்த அன்றைய ராக் உலகத்தில், கசங்கிய கட்டம்போட்ட சட்டையோடு வந்து நின்று, எங்களுக்கு மனம் சரியில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர்கள் இவர்கள். அதே ஊரின் பேர்ல் ஜாம் குழு 1991 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் தொகுப்பில் 'பிளாக்' என்றொரு பிரிவுப் பாட்டு இருக்கிறது. அதைத் தனிப்பாட்டாக விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று இசை நிறுவனம் வற்புறுத்தியும், அது மிகவும் அந்தரங்கமானது என்று சொல்லிக் குழுவினர் மறுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் வானொலிகள் அதைத் தாமாகவே ஒலிபரப்பின. ராக் வானொலிப் பட்டியலில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது. விளம்பரத்துக்காகக் கத்துகிற கூட்டம் என்று அன்பர் எழுதியிருந்தாரே, அந்த ஒரு சொற்றொடருக்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

அயல்நாட்டுக் குப்பை என்ற சொல்லையும் அவர் பயன்படுத்தியிருந்தார். சியாட்டில் எங்களுக்கு அயல்நாடுதான். ஆனால் இந்த இசை எங்கள் நாட்டுக்குள் நுழைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. உலகின் பெரிய அரங்குகளில் இன்று பாடிக்கொண்டிருக்கும் சீதர் என்ற குழு 1999ஆம் ஆண்டு எங்கள் நாட்டின் பிரிட்டோரியா நகரில், வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவில் முதல் தொகுப்பை வெளியிட்டபோது அவர்கள் வைத்துக்கொண்ட புதிய பெயர், சிகாகோவைச் சேர்ந்த வெரூக்கா சால்ட் குழுவின் 1994ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் தலைப்பு. அந்தக் குழுவை நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். அந்தப் பாட்டின் பொருளோ, கட்டிவைத்தாலும் அடங்காத பெண்ணின் சினம். எங்கள் நாட்டு ஆண்பிள்ளைகள் தங்கள் குழுவுக்குப் பெயராக ஏற்றுக்கொண்ட பெண் கோபம், எங்கள் வீட்டுப் பெண்ணின் வாயில் வந்தால் மட்டும் ஏன் கூசுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி அன்பரின் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தேவாரமும் திருவாசகமும் ஒலிக்கும் மொழியில் இப்படிப்பட்ட வசவுகளைப் பாடலாமா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அங்கே பேருந்திலும் மீன்சந்தையிலும் நீதிமன்ற வாசலிலும் தமிழ் நாள் முழுதும் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. டர்பனில் நிலைமை வேறு. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் இறங்கிய 342 பேரில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் முன்னோர் தமிழில் விலை பேசினார்கள், தமிழில் பழித்தார்கள், தமிழில் கொஞ்சினார்கள். நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்து 1960களில் சாட்ஸ்வர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட முதியவர்களைக் கேட்டால், அங்கே குழாயடியில் நடந்த தமிழ்ச் சண்டைகளை இன்றும் வரி பிசகாமல் சொல்லிக் காட்டுவார்கள். அதற்குப் பின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் வேலையின் வழியாகவும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்கு ஒதுங்கிவிட்டது. 1996ஆம் ஆண்டின் எங்கள் அரசமைப்புச் சட்டம், போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் சட்டத்தில் இருக்கும் மொழி வாயில் இருக்க வேண்டுமே.

என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குக் காவடிச் சிந்து மனப்பாடம். புரட்டாசி மாதம் முழுவதும் நோன்பிருந்து, சனிக்கிழமைதோறும் தளிகை போட்டு, சொல்ல வேண்டிய நாமங்களைச் சொல்லத் தெரியும். ஆனால் கோபம் வந்தால் அவர்களுக்கு ஆங்கிலம்தான். காதல் வந்தாலும் ஆங்கிலம்தான். மனம் உடைந்து நள்ளிரவில் தோழிக்குச் செய்தி அனுப்பும்போதும் ஆங்கிலம்தான். சாமிக்கு மட்டும் ஒரு மொழி, மனிதருக்கெல்லாம் வேறு மொழி என்றாகிவிட்டால், சாமிக்கு உரிய மொழியும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது என்பது என் அனுபவம். பொருள் தெரியாத தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்துப் படிப்பது ஏற்கெனவே எங்கள் கோயில்களில் வழக்கமாகிவிட்டது. இந்த நிலையில், இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண், தன் வாழ்க்கையில் பட்ட முதல் பெரிய அடியைச் சொல்லத் தமிழைத் தேடி வந்தாள் என்பதை நான் இழிவாகக் கருதவில்லை. அந்தத் தமிழில் பிழைகள் இருந்தன, ஒற்று மிகும் இடத்தில் மிகாமலும் மிகக்கூடாத இடத்தில் மிகுந்தும் இருந்தன; பாதியைத் திருத்தினேன், மீதியைப் பாட்டுக்காக விட்டுவிட்டேன்.

அன்பர் தமது கடிதத்தில் எடுத்துக்காட்டாத அந்த வரிகளை, அவளுடைய இசைவோடு இங்கே தருகிறேன்:

உன் பேரைச் சொன்ன நாக்கை
உப்புப் போட்டுக் கழுவிட்டேன்.
நீ குடுத்த சட்டை மேல
நாய்க்குட்டி தூங்குது.
உங்கம்மா கேட்டா சொல்லு,
நல்லா இருக்கேன், தூங்குறேன்.

இவற்றுக்குப் பிறகு பல்லவியில் 'போ' என்ற ஒரே சொல், நான்கு முறை, நான்காம் முறை குரல் உடையும் வரை. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை இந்தப் பாட்டின் குறை வேறு. கடைசிச் சரணத்தில் கண்ணீர், நெருப்பு, சாம்பல் என்று எல்லோரும் எடுக்கும் சொற்களையே அவளும் எடுத்துக் குவித்துவிட்டாள். சட்டையும் நாய்க்குட்டியும் செய்த வேலையை அந்தச் சாம்பல் செய்யவில்லை. அவளிடமும் இதைச் சொன்னேன். "ஆன்ட்டி, அந்த இடத்துல டிரம்ஸ் வந்துடும், யாருக்கும் கேக்காது" என்றாள். இளம் வயதின் சாமர்த்தியம்! அன்பர் கடைசி வரை இருந்து கேட்டிருந்தால், ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவதை விட்டு இதைப் பற்றி எழுதியிருக்கலாம். அது அவளுக்கும் பயன்பட்டிருக்கும்.

பெண் மேடையில் நின்று ஆணைப் பழிப்பது நம் மரபல்ல என்கிறாரே, எந்த மரபைச் சொல்கிறார்? எங்கள் ஊரில் தெருக்கூத்தை ஆங்கிலத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். இன்றும் விடிய விடிய அதை ஆடும் குழுக்கள் உண்டு. அதில் துகிலுரியப்பட்ட திரௌபதி சபையில் நின்று, கட்டிய கணவன்மார் ஐவரையும் சேர்த்தே கேட்கும் கேள்விகளைவிடக் கடுமையான எதையும் அந்தப் பெண் பாடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் திரௌபதி அம்மனுக்குத் தீமிதித்து வரும் சமூகம் நாங்கள். அவிழ்ந்த கூந்தலோடு நிற்கும் அந்தத் தாயிடம் நாம் வணங்குவது அவளுடைய சாந்தத்தையா?

எதைச் சொன்னாலும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்று மார்தட்டும் பழக்கத்தில் எனக்கு ஈடுபாடு குறைவு. சியாட்டில் பையன்கள் குறுந்தொகை படித்துவிட்டுக் கிட்டார் எடுக்கவில்லை. ஆயினும் மரபு என்ற சொல்லை அன்பர் எடுத்துவிட்டதால் ஒரே ஒரு பாட்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவனோடு உறவு கொண்டிருந்த காதற்பரத்தை, அவன் இப்போது வீட்டில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைச் சொல்லி ஏளனம் செய்கிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டில், மகனைப் பெற்றவளுக்கு, 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல' விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். கண்ணாடியில் தெரியும் உருவம் எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் கையைத் தூக்குமாம், காலைத் தூக்கினால் காலைத் தூக்குமாம். அவனுக்கென்று ஓர் அசைவே கிடையாதாம். இதைவிட ஓர் ஆணை எப்படித் திட்டுவது? இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இதை அவள் தனியே அழுதுகொண்டு சொல்லவில்லை. மனைவியின் பக்கத்தாருடைய காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள் என்று அந்தப் பாட்டின் பழைய குறிப்பு சொல்கிறது. ஊருக்குக் கேட்கும்படி திட்டுவது சாட்ஸ்வர்த் மண்டபத்தில் தொடங்கிய வழக்கம் அன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, அன்பர் எழுப்பாத, ஆனால் எழுப்பியிருக்க வேண்டிய ஒரு கேள்வியையும் நானே எழுப்பியாக வேண்டும். அந்தப் பையனின் நிலை என்ன? பிரிவுக்கு இரண்டு பக்கம் உண்டு. பாட்டு ஒரு பக்கத்தின் வாக்குமூலம் மட்டுமே. புகழ்பெற்றவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நான் மேலே குறிப்பிட்ட சீதர் குழுவின் பாடகர் ஷான் மார்கனும், எவனெசன்ஸ் குழுவின் பாடகி எமி லீயும் காதலர்களாக இருந்தபோது 2004இல் இருவரும் சேர்ந்து பாடிய ஒரு மென்மையான பாட்டு உலகெங்கும் ஒலித்தது. பிரிந்த பின்பு 2006இல் எமி லீயின் குழு கசப்பான ஒரு பாட்டை வெளியிட்டது, அது ஷான் மார்கனைப் பற்றியதே என்று எமி லீயே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே திட்டு வாங்கியவருக்கும் ஒலிவாங்கி உண்டு, குழு உண்டு, கேட்பதற்கு இலட்சக்கணக்கானோர் உண்டு. சாட்ஸ்வர்த்தில் ஒரு கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு அது எதுவும் கிடையாது. இங்கே யார் எவரோடு சுற்றினார்கள் என்பது அடுத்த தெருவின் நாய்க்குக்கூடத் தெரியும். பெயர் சொல்லாமல் பாடினாலும் ஆள் யார் என்று அரங்கில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிடும்.

முதல் வடிவத்தில் அவன் வேலை செய்யும் இடத்தைச் சுட்டும் ஒரு வரி இருந்தது. அவனுடைய குடும்பத்தில் நடந்த ஒன்றைக் குத்திக்காட்டும் வரி ஒன்றும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிடும்படி சொன்னேன். முதலாவதை உடனே அடித்துவிட்டாள். இரண்டாவதற்கு ஒரு வாரம் என்னோடு வாதாடினாள். நடந்ததைத்தானே சொல்கிறேன் என்பது அவளுடைய கட்சி. அவன் உனக்குச் செய்ததைப் பாடு, அவனுடைய அம்மாவுக்கு நடந்ததைப் பாட உனக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. கடைசியில் அந்த இடத்தில்தான் 'உங்கம்மா கேட்டா சொல்லு' என்ற வரி வந்தது. அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய தாய் தன்னைப் பற்றிக் கவலைப்படுவார் என்பது அவளுக்குத் தோன்றுகிறது. பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். கோபத்தைத் தடுப்பதற்கும் கோபத்துக்கு ஒரு வரம்பு காட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் உணர்ந்தால், இளையவர்கள் நம்மிடம் வரிகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தடுத்தால் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

இக்கடிதத்தை எழுத உடனடிக் காரணம் ஒன்றும் உண்டு. அன்பரின் கடிதம் தங்கள் இதழில் வெளிவந்த பின்பு, அந்த மண்டபத்தின் நிர்வாகத்தார் புதிய விதி ஒன்றை வகுத்திருக்கிறார்கள். இனி மேடையில் பாடப்படும் தமிழ்ப் பாடல்களின் வரிகளை, நிகழ்ச்சிக்கு இரு வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டுமாம். ஆங்கிலப் பாடல்களுக்கு இந்த விதி இல்லை. அதாவது, அதே பெண் அதே வசவை ஆங்கிலத்தில் பாடினால் கேள்வி கிடையாது. தமிழில் பாடினால் மட்டும் தணிக்கை. இந்த விதி நீடித்தால் அடுத்த ஆண்டு அந்த மேடையில் தமிழில் எவரும் பாடமாட்டார்கள். தமிழைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிர்வாகத்தார் நிம்மதியாக இருக்கலாம். திரைப்பாடல்களைப் பாடும் ஆண்கள் குழுக்கள், போதையில் காதலியைப் பழித்துப் பாடும் பாட்டுகளைத் தீபாவளி விழாவுக்கு வழக்கம்போலப் பாடிக்கொண்டிருக்கின்றன என்பதையும், அவற்றுக்கு முன்வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் நிர்வாகத்தாரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிர்வாகத்தாரில் சிலர் தங்கள் இதழைப் படிப்பவர்கள் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். வரிகளை முன்கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், எல்லா மொழிப் பாடல்களையும் பாருங்கள். ஆண்கள் பாடுவதையும் பாருங்கள். இன்ன வரி கூடாது என்றால் ஏன் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். அத்துடன் ஒலிபெருக்கிகளைப் பக்கவாட்டுச் சுவர்களுக்கு நகர்த்தி, முதியவர்களுக்கு நடுவரிசையில் இடம் ஒதுக்குங்கள். அந்தப் பெண்ணும் அவளுடைய தோழர்களும் புதிய பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை அது காதலைப் பற்றியது அல்ல, வேலை கிடைக்காததைப் பற்றியது என்று கேள்வி. அதன் வரிகளை இந்த மாத இறுதிக்குள் தங்களிடம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மாலை வகுப்புத் தமிழாசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்.